மழவராயரும் கீழத்தெருவின் நூறு வீடும்

புன்னைக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். எங்கே இருந்தது என்று தேட வேண்டாம், இருந்தது, அவ்வளவுதான். மற்ற ஊர்களில் ராஜா செத்தால்தான் அடுத்த ராஜா. இங்கே அப்படியில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஓர் ஓலை கொடுப்பார்கள். ராஜா வேண்டுமென்றால் 'இருக்கட்டும்', வேண்டாமென்றால் 'போகட்டும்' என்று எழுதி, துணியால் மூடிய குடத்துக்குள் போட வேண்டும். 'போகட்டும்' அதிகமானால் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த ஓலைத் திருநாளுக்கு இன்னும் நாற்பதே நாள். மகாராஜா சிங்கமுத்து மழவராயருக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய ஏரியின் மதகு உடைந்து இரண்டு வருஷமாகிறது. தண்ணீரெல்லாம் ஓடையில் போகிறது, வயலெல்லாம் காய்கிறது. ஜனங்கள் கோபமாக இருப்பார்களோ என்று அவருக்கே உதறல். மதகு கட்டக் கருங்கல்லைக்கூட வரவழைத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா," என்றார் மந்திரி அம்பலவாணர். "ஜனங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுவோம். கீழத்தெருவில் வரிசையாக நூறு வீட்டைக் கேட்டால் போதும், நாடே தெரிந்துவிடும்."

கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்கிறீர்களா? முன்னால் முரசு. பின்னால் ஓலையும் எழுத்தாணியுமாக ஒரு கணக்கர். அவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஈட்டிக்காரன், அந்தப் பக்கம் ஓர் ஈட்டிக்காரன். கதவை இடித்து, "நம் மகாராஜா நல்லவரா, கெட்டவரா? பயப்படாமல் சொல்!" என்று ஓர் அதட்டல்.

மூன்றாம் நாள் மந்திரி சபைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் உங்களைத் தெய்வம் என்கிறார்கள், மகாராஜா!"

"மீதி ரெண்டு?"

"ஒருத்தர் காய்ச்சலில் உளறிக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் ஈட்டியைப் பார்த்ததும் கொல்லைப்புறமாக ஓடிவிட்டார். கருத்துச் சொல்ல விரும்பாதவர்கள் என்று எழுதிக்கொண்டோம்."

மழவராயர் துள்ளிக் குதித்தார். "அப்புறம் மதகு எதற்கு? அந்தக் கல்லில் எனக்கு ஒரு சிலை செய்யுங்கள்!"

சபையே கைதட்டியது. தட்டாதவன் ஒருத்தன்தான். அரண்மனை விகடகவி தாண்டவராயன்.

"என்னப்பா, உன் கைக்குச் சுளுக்கா?" என்றார் ராஜா.

"இந்தக் கணிப்பை நம்பிச் சிலை வைத்தால், அதைப் பார்க்க நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள், மகாராஜா."

"துரோகம்!" என்று கத்தினார் மந்திரி.

ராஜாவுக்கும் முகம் சிவந்துவிட்டது. "மூன்று நாள் தருகிறேன். நிரூபி. முடியாவிட்டால் நீயும் உன் பெண்டாட்டியும் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்!"

தாண்டவராயன் பெண்டாட்டிக்கு அப்போது நிறைமாசம். எல்லைக்கு அந்தப்புறம் இருபது கல் தூரம் வெறும் காடு. ஆனாலும் தாண்டவராயன் பின்வாங்கவில்லை.

"அதே கணக்கர், அதே ஈட்டி, அதே நூறு வீடு போதும் மகாராஜா. மந்திரியாரும் கூடவே வரட்டும். அவருடைய கேள்வியையே கேட்கிறேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி மட்டும் என்னுடையது."

"சரி, போ!"

போனார்கள். முதல் வீட்டில் பொன்னாத்தாள்.

"நம்ம ராசாவா? சாமிங்க அவரு! காலையில எந்திரிச்சதும் அரண்மனை இருக்கிற திக்கைப் பாத்துத்தான் கும்பிடுறேன்."

மந்திரி மீசையை முறுக்கினார். தாண்டவராயன் மெதுவாகக் கேட்டான்: "அது எங்களுக்குத் தெரியாதா தாயி? உன் பக்கத்து வீட்டு மாரக்கா என்ன சொல்றா?"

அவ்வளவுதான்! பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அவளா? அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க! ஒரு மதகைக் கட்டத் துப்பில்ல, இவனெல்லாம் ஒரு ராசாவான்னு விடிஞ்சா பொழுதுபோனா திட்டுறா. குடத்துல 'போகட்டும்'னுதான் போடுவாளாம். நான் சொன்னேன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க!"

அடுத்த வீடு மாரக்கா.

"ராசா நூறு வருசம் நல்லா இருக்கணும்ங்க. யாரு, பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளா? அடேயப்பா! பயிரு காஞ்சதுலேருந்து ராசா பேரைச் சொல்லித் தெனமும் மண்ணை வாரித் தூத்துறா. அவ ஓலையும் 'போகட்டும்'தான், எழுதிக்குங்க!"

கணக்கருக்கு எழுதி எழுதிக் கை வீங்கிவிட்டது. தன்னைப் பற்றிக் கேட்டால் ஒரே வரி. பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு கட்டு ஓலை. காய்ச்சல்காரரும் எழுந்து உட்கார்ந்து தெம்பாகப் பேசினார். ஓடிப்போனவருக்காக இந்த முறை கொல்லைப்புறத்திலும் ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் சபை கூடியது.

"மந்திரியார் சொன்னதில் ஒரு சின்னப் பிழை, மகாராஜா," என்றான் தாண்டவராயன். "தொண்ணூற்றெட்டு இல்லை. நூற்றுக்கு நூறு பேரும் உங்களைத் தெய்வம் என்கிறார்கள்."

"அப்படியானால் நீ தோற்றாய்!"

"ஆனால் அந்த நூறு பேருடைய பக்கத்து வீட்டுக்காரர்களும் 'போகட்டும்' என்றுதான் ஓலை போடப்போகிறார்களாம்."

"யார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள்? இழுத்து வா!"

"அதே நூறு பேர்தான், மகாராஜா."

ராஜாவின் கை தானாகக் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தது.

"அம்பலவாணரே, இது நிஜமா? நீர் கூட இருந்தீரே?"

"இருந்தேன் மகாராஜா," என்றார் மந்திரி.

"சிலை வேண்டாம்! கல் முழுவதும் இன்றைக்கே மதகுக்குப் போகட்டும்!" என்று கூவினார் மழவராயர். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. "தாண்டவராயா, நீ எங்கேயும் போக வேண்டாம். உன் பெண்டாட்டி பிரசவத்துக்கு அரண்மனை மருத்துவச்சியை அனுப்புகிறேன். சரி, மறைக்காமல் சொல். நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய்?"

தாண்டவராயன் கைகட்டிப் பணிவாக நின்றான்.

"அடியேனுக்கு நீங்கள் தெய்வம், மகாராஜா. ஆனால் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாரே, நம் மந்திரி அம்பலவாணர்..."

மந்திரி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். மழவராயர் விழுந்து விழுந்து சிரித்ததில் கிரீடம் சரிந்து மூக்கில் வந்து நின்றது.