சபைக்குள் வந்த ரச வாசனை

சித்தலூர் ராஜா மகுடேசருக்குத் திடீரென்று சிக்கன ஞானம் வந்துவிட்டது. அரண்மனைச் சமையலுக்குத் தினம் இருபது கட்டு விறகு எரிகிறது என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

யாரோ என்ன, பண்டகசாலை அதிகாரி அம்பலவாணர்தான். தினமும் உச்சிவேளையில் ராஜா மேல் புதுசு புதுசாகப் புகழ்ப்பாட்டு பாடுகிறவரும் அவரேதான்.

"விறகைக் குறைக்க முடியாது, மகாராஜா. சமையல்கட்டில் ஆறு பெண்களை நிறுத்திவிடலாம். செலவு சரியாகிவிடும்" என்றார்.

மந்திரி தெய்வநாயகம் குறுக்கிட்டார். "அவர்கள் பிழைப்பு போய்விடுமே, மகாராஜா. விறகையே பாதியாக்கிவிடலாம்."

"ஆக்கு. ஆனால் ஒரு கறி குறையக்கூடாது. சாப்பாடு சுடச்சுட இருக்கவேண்டும். பத்து நாள் தருகிறேன். முடியாவிட்டால் அவர்களோடு நீயும் கிளம்பு."

"மந்திரியாருக்கு அம்மி அரைக்க வருமோ?" என்றார் அம்பலவாணர். சபையே சிரித்தது.

தெய்வநாயகம் நேரே சமையல்கட்டுக்குப் போனார். தலைமைச் சமையல்காரி செங்கமலம் கையை விரித்தாள்.

"பருப்பை ஊறப்போட்டுத்தான் வேகவைக்கிறோம். மூடி போடாம எதையும் கொதிக்க விடுறதில்லை. ஈர விறகை அடுப்பு ஓரத்துல காயவச்சுத்தான் எரிக்கிறோம். இதுக்கு மேல என்னய்யா செய்ய?"

"சமையல்தான் முடிந்துவிட்டதே. அடுப்பு ஏன் இன்னும் எரிகிறது?"

"ராஜா வரணுமே. அவருக்கு முன்னாடி அரண்மனையில சாப்பிடுற நானூறு பேர்ல ஒருத்தரும் கைநனைக்கக் கூடாது. பாட்டு முடிஞ்சு அவர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மூணு தரம் சூடு பண்றோம்."

தெய்வநாயகம் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "நாளையிலிருந்து ரசத்தை மட்டும் நான் சொல்கிற இடத்தில் வந்து தாளி."

மறுநாள் உச்சிவேளை. சபையில் அம்பலவாணர் மூன்றாம் பாட்டில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே செங்கமலம் சின்னக் கரியடுப்பை வைத்து, கரண்டியில் நெய்யைக் காய்ச்சினாள். கடுகு வெடித்தது. கறிவேப்பிலை பொரிந்தது. பெருங்காயத்தோடு அத்தனையும் ரசத்தில் சொய்யென்று விழுந்தது.

ராஜாவின் மூக்கு மெல்ல உயர்ந்தது.

"மலைபோல் உயர்ந்த நின் தோள்..." என்று இழுத்தார் அம்பலவாணர்.

"தோள் எங்கேயும் போகாது, ஓய்" என்று ராஜா சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

பத்து நாளும் இதே கதைதான். பத்தாம் நாள் எரிந்தது பத்தே கட்டு.

ராஜா ஆச்சரியம் தாங்காமல் மந்திரியைக் கேட்டார். "சமையலில் எதை மாற்றினாய்?"

"ஒன்றையும் மாற்றவில்லை, மகாராஜா. சமைக்கப் பத்துக் கட்டுதான். மிச்சம் பத்தும் தங்களுக்காகக் காத்திருந்து எரிந்தது."

ராஜா ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். ஆறு பெண்களுக்கும் புதுச் சேலை, மந்திரிக்குப் பட்டுச் சால்வை என்று உத்தரவாயிற்று.

"அம்பலவாணரே, இனி உம்முடைய பாட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளும்."

"சாப்பிட்டதும் தாங்கள் தூங்கிவிடுவீர்களே, மகாராஜா?"

"பாதகமில்லை, பாடும். நான் தூங்குவதற்கு விறகு செலவில்லை."