மரத்தடியில் புது வண்டி

"இன்னிக்கும் என்னை மரத்துல ஏத்தலைன்னா, வண்டிய எடுத்துட்டு ஊரப் பாக்கப் போயிருவேன் தங்கச்சி."

இசக்கிமுத்து இதைச் சொன்னபோது பேச்சித்தாய் கயிற்றை அடி அடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

தென்காசிப் பக்கம் ஆபத்தான மரம் வெட்ட அவள் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷத்தில் அவளிடம் வேலை பார்த்த ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பேர் தனக்கும் கொஞ்சம் ஒட்டட்டும் என்றுதான், அவளைவிட ஏழு வயது மூத்த இசக்கிமுத்து அவளிடம் தொழில் கற்க வந்தான். வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

அவள் குழுவில் ஒரு வழக்கம். ஏறப்போகிறவர் காலையில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். 'இந்த மரத்தில் என்ன ஆபத்து?' என்ற ஒரே கேள்விதான்.

பன்னிரண்டு நாளும் இசக்கிமுத்து 'ஒன்றுமில்லை' என்று எழுதி, கல்யாணப் பதிவேட்டில் போடுவது மாதிரி அழகாகக் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டு நாளும் அவள் அதைப் படித்துவிட்டு, அவனைக் கீழே கயிறு பிடிக்க நிறுத்தினாள்.

இன்றைக்கு, ரேஷன் கடைக் கூரைமேல் சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம்.

"தாள் எங்கண்ணே?"

நீட்டினான். இன்றும் 'ஒன்றுமில்லை'.

"அந்தப் பெரிய கொப்பு எங்கன விழும்?"

"இங்கனதான்." காலால் மண்ணில் கோடு கிழித்தான். "ஒரு சாண் தள்ளி விழுந்தா என் மீசைய எடுத்துக்கோ."

"மீசை வேண்டாம். உங்க வண்டிய அந்தக் கோட்டுக்கு நாலடி தள்ளி நிறுத்துங்க."

வண்டி வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. தினமும் இரண்டு தடவை துண்டால் துடைப்பான். தன் முகத்தைக்கூட அப்படித் துடைத்தவனில்லை.

"வண்டி எதுக்கு?"

"ஒன்னுமில்லைன்னுதான எழுதியிருக்கீங்க?"

ரோஷம் வந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டான். இரண்டு எட்டு நடந்தான். திரும்பினான். அண்ணாந்து பார்த்தான்.

கொப்பு அடிமரத்திலிருந்து பிரியும் இடத்தில் காளான் பூத்திருந்தது.

உள்ளே உளுத்திருக்குமே! உளுத்த கொப்பு கோட்டைப் பார்த்தா விழும்? வண்டியைப் பத்தடி தள்ளினான்.

மேற்கேயிருந்து சாரல் காற்று அடித்தது. காற்று கொப்பை இந்தப் பக்கம்தான் தள்ளும். இன்னும் இருபதடி.

அங்கே தலைக்கு மேலே கரண்டுக் கம்பி. கொப்பு பட்டால் கம்பி அறும், அறுந்தால் நேரே பெட்ரோல் டேங்கில். அதற்குள் இலைகளுக்கு நடுவே, ஏற்கெனவே முறிந்த கிளை ஒன்று எதிலும் ஒட்டாமல் தொங்குவதும் கண்ணில் பட்டது.

மரத்தை நாலு சுற்று சுற்றினான். கடைசியில் தெருத் திருப்பத்தில், அம்மன் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டான். இரண்டு பூட்டும் போட்டான்.

மனசு நிறைந்து போயிற்று. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"வண்டி பத்திரமா நிக்கி, தங்கச்சி. இனி ஒரு பயமும் இல்ல. ஏறலாமா?"

"எங்க விட்டீங்க?"

"கோயிலுக்கு அந்தப் பக்கம்."

"அவ்வளவு தூரமா!" பேச்சித்தாய் முதல் தடவையாகக் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்தாள். "நீங்க எங்கண்ணே நிக்கப்போறீங்க?"

இசக்கிமுத்து கையை மேலே நீட்டினான். விரல் காட்டிய இடம் காளானுக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்தது.

நீட்டிய கையை இறக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு தாளைத் திரும்ப வாங்கினான். 'ஒன்றுமில்லை'யை அடித்தான். மரத்தடியில் சம்மணம் போடப் போனவன், சட்டென்று எழுந்து, கோயில் மதிலோரம் போய் உட்கார்ந்தான். வெகுநேரம் எழுதினான்.

"தங்கச்சி," என்று அங்கிருந்தே கத்தினான், "இதுல பின்பக்கமும் எழுதலாமா?"

"எழுதுங்கண்ணே" என்ற பேச்சித்தாய், ஏறுகிறவர் கட்டும் பெல்ட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.