பூஜையில் இருந்த கயிறு

கூட்டுறவு வங்கியில் முத்திரை குத்தும் குற்றாலிங்கத்துக்கு நாற்பது வயதில் மலையேறும் ஆசை வந்தது. ஆசை வந்தால் பேசாமல் ஏறிவிட்டு இறங்கியிருக்கலாம். படித்தவன் ஆயிற்றே, முறைப்படிதான் செய்வான். மாமனார் அம்பலவாணனையும், கூட வேலை பார்க்கும் சிவசைலம், மாடக்கண்ணு இருவரையும் சேர்த்துக்கொண்டு, காட்டில் பிழைக்கும் வழி சொல்லித்தரும் ஒருநாள் பயிற்சிக்குப் போனான். நால்வரும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். ஆபத்து அங்கேயே தொடங்கிவிட்டது.

முதுகுப் பை பத்து கிலோ வரை இருக்கலாம் என்றார் பயிற்சியாளர். கயிறு, கூடாரம், விசில், டார்ச் எல்லாம் திணித்தும் பை ஆறு கிலோதான் வந்தது. ஆளுக்கு ஒன்றரைச் செங்கல் வைத்ததும் கணக்கு சரியாகிவிட்டது.

கிளம்பும்போது மனைவி செண்பகம் வாசலில் நின்று சொன்னாள்: "எங்கப்பாவ எப்படிக் கூட்டிட்டுப் போறியளோ, அப்படியே சாயங்காலம் கொண்டாந்து விடணும். இல்லேன்னா நீங்களும் வர வேண்டாம்."

"காட்டில் கருவிதான் தெய்வம்" என்றும் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அன்றைக்கோ ஆயுத பூஜை. கூனிமலை அடிவாரத்தில் வாழையிலை விரித்து, கயிறு முதல் விசில் வரை சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, சூடம் காட்டினார்கள். சிவசைலத்துக்கு ஒரு சந்தேகம்.

"பூஜையில வச்சத நாளைக்குக் காலைலதான எடுக்கணும்? இப்பத் தூக்கிட்டுப் போகலாமா?"

"தூக்கிட்டுப் போறது வேற, வேலை வாங்குறது வேற" என்றார் மாமனார். "பைக்குள்ள படுத்து ஓய்வெடுக்கட்டும்."

நூறடிக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொண்டே போனால் வழி தவறாது என்பது அடுத்த பாடம். பூஜையில் வைக்க மறந்துபோன சாக்பீஸால், முன்னே நடந்த மாடக்கண்ணுவின் பையில் கோடு போட்டபடி வந்தான் குற்றாலிங்கம். மத்தியானத்துக்குள் பையிலும் இடமில்லை, வந்த வழியும் தெரியவில்லை.

ஓடையோரம் பசேலென்று தெரிந்த இடத்தில் மாமனார் காலை வைத்தார். அது புதைசேறு. முதுகில் செங்கல் வேறு, சட்டென்று இடுப்புவரை இறங்கிவிட்டார். குற்றாலிங்கத்தின் கண்முன் செண்பகத்தின் முகம் வந்து நின்றது. பாய்ந்து பையைத் திறந்தவன், கயிற்றிலிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்துவிட்டு மூடினான்.

"விசில் ஊதுவோமா?" என்றான் மாடக்கண்ணு.

"அதுவும் பூஜையிலதான் இருக்கு. வாயால வேணா ஊது. வாய்க்கு நாம பூஜை போடல" என்றான் சிவசைலம்.

மாடக்கண்ணு ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது.

"மாப்ளே" என்றார் மாமனார், சேற்றிலிருந்தே. "பாவம், கயிறு வருஷத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்கு. லீவு நாள்ல ஒருத்தன் வந்து தட்டினா நீங்க பேங்க் கதவத் திறப்பியளா?"

வங்கி ஊழியர் மூவரும் திறக்க மாட்டோம் என்று தலையாட்டினார்கள். அதற்குள் சேறு மாமனாரின் நெஞ்சுக்கு வந்திருந்தது.

நல்லவேளையாக, தொலைந்த கன்றைத் தேடிக்கொண்டு மாட்டுக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். எதையும் விசாரிக்கவில்லை. தோளில் கிடந்த கயிற்றை வீசி, நாலே இழுப்பில் மாமனாரைக் கரைசேர்த்தார். குற்றாலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

மாமனார் மூச்சு வாங்கியபடி கயிற்றைத் தடவிப் பார்த்தார். "நல்ல கயிறு. இதுக்குப் பூஜை போட்டாச்சா?"

"போடாம இருப்பனா? விடியக்காலமே மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, சூடம் காட்டியாச்சு" என்றார் மாட்டுக்காரர் பெருமையாக.

"அப்ப இதுக்கும் இன்னைக்கு லீவுதான?" மாமனார் எழுந்தார். பையை முதுகில் சரிசெய்துகொண்டு, மறுபடியும் சேற்றில் இறங்கினார்.

"மாமா, சாயங்காலம் செண்பகம் கேப்பாளே" என்றான் குற்றாலிங்கம்.

"காலைல வந்திருவேன்னு சொல்லு. நான் எதுவரைக்கும் இருந்தேன், மாப்ளே?"

குற்றாலிங்கம் குனிந்து, அவர் சட்டையில் சேறு விட்டிருந்த கோட்டைக் கவனமாகப் பார்த்தான்.

"இன்னும் நாலு விரக்கடை போகணும், மாமா."