அகர வரிசைப்படி அறுநூற்று நாற்பது பேர்

கண்ட்ரோல் சாவியையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் செய்த தவறு செய்யாததாகிவிடும் என்பது கணினி வைத்திருப்போரிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. அதை மறுக்கும் துயரமான கடமை எனக்கு நேர்ந்திருக்கிறது. கோப்பை மூடும்வரைதான் அந்தச் சலுகை. மூடிவிட்டுத் திறந்தால் செய்தது செய்ததுதான். படித்தவர்கள்கூட இதை மூடிய பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

குரு என்பவர் வயதானவர், சீடர் என்பவர் இளையவர் என்பது இன்னொரு நம்பிக்கை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அச்சுப்பிழை என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், ஆறு கணினிகள் வைத்துப் பாடம் நடத்துகிறார். சீடர் மரியநாயகம். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காவலும் கணக்கும் அவர்தான். யார் எந்தக் குழியில் இருக்கிறார்கள் என்று சொல்வது அவர் வேலை.

பதிவேட்டைக் கரையான் அரிக்கத் தொடங்கியதும், அறுநூற்று நாற்பது பேரையும் அவரே ஒற்றை விரலால் கணினியில் ஏற்றினார். குழி எண், பெயர், அடக்க நாள், வயது. ஒரு வருடம் ஆனது. முடித்த அன்று பதிவேட்டின் மிச்சத்தைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டார்.

“கோப்பை இன்னொரு இடத்துலயும் ஒரு நகல் வச்சிருங்க அண்ணாச்சி” என்றார் ஜெசிந்தா.

“ஒண்ணுக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு?”

“நாளைக்குக் கேக்காதீங்க.”

அடுத்த வகுப்பில், கண்ட்ரோலோடு எஃப் அழுத்திப் பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் இருக்கும் இடத்துக்கே கணினி கொண்டுபோய் விடும் என்று பாடம் நடந்தது. அன்று தோட்டத்தில் ஓர் அடக்கம் இருந்ததால் மரியநாயகம் வரவில்லை.

ஆகவே பெயரைத் தேடுவதற்கு அவர் தானே ஒரு வழி கண்டார். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, அகர வரிசைக்கு உரிய பொத்தானை அழுத்தினார். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கணினி கேட்டது. பெயர் மட்டும் போதும் என்று பதில் சொன்னார். பெயர்கள் அந்தோணியிலிருந்து அழகாக இறங்கின. எண்களும் நாட்களும் வயதுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. சேமித்து, மூடி, தேநீர் குடிக்கப் போனார். அது டிசம்பர் மாதம்.

கல்லறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்க்கல் உண்டு. வருகிறவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதனால் அடுத்த நவம்பர் இரண்டாம் தேதிவரை ஒன்றும் தெரியவில்லை. கல்லறைத் திருநாளன்று வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய தாத்தாவின் குழியைக் கேட்டார்கள். மரியநாயகம் வரியை முழுவதும் படித்துக் காட்டினார்.

“வயசு மூணு மாசமா?” என்றார் வந்தவர். “எங்க தாத்தா மூணு மாசத்துல போயிருந்தா நான் எப்படிங்க வந்தேன்?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மரியநாயகம் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மாடிப்படி ஏறி வந்த மரியநாயகம் உட்காராமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

“டீச்சர், ஒரு சாவியை அழுத்தி இதைத் திருப்ப முடியுமா?”

“மூடியாச்சா?”

“பதினோரு மாசம் ஆச்சு.”

“நகல்?”

அவர் தரையைப் பார்த்தார். ஜெசிந்தா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

“பெயர்க்கல் இருக்கிறதை நடந்து படிச்சு எழுதிரலாம். கல்லு இல்லாதது எத்தனை?”

“எண்பத்து மூணு. எல்லாம் சின்னப் பிள்ளைகளும் இல்லாதப்பட்டவங்களும். நம்பர் கல்லு மட்டும் இருக்கும்.”

“நம்பரும் தேதியும் கலையல. பேருதான் கலைஞ்சிருக்கு. அப்போ பேரையும் தேதியையும் சேர்த்து வச்சிருக்கிற இடத்துல போய்க் கேளுங்க.”

“அது எந்த ஃபைல்ல டீச்சர் இருக்கு?”

“அவங்க அவங்க வீட்டுல.”

“எண்பத்து மூணு வீட்டுக்கும் போய், உங்க பிள்ளை என்னைக்குச் செத்துச்சுன்னு கேக்கணுமா?”

“கேட்ட வீட்டோட கதவு நம்பரையும் எழுதிக்கோங்க. புதுசா ஒரு பத்தி போட்டு, ‘வீடு’ன்னு தலைப்புக் கொடுங்க.”

மரியநாயகம் சைக்கிளில் போனார். மாலையில் வந்து அன்று கிடைத்ததை ஏற்றினார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சோறு போட்டார்கள். ஒரு வீட்டில், இத்தனை வருடம் கழித்துத் தங்கள் மகளைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வந்ததே என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“தேதி கேட்டதும் எத்தனை பேரு காலண்டரைப் பார்த்தாங்க?” என்று ஒருநாள் ஜெசிந்தா கேட்டார்.

“ஒருத்தரும் பார்க்கல டீச்சர்.”

மூன்றாவது வாரம் அவர் சீக்கிரமாகவே வந்துவிட்டார்.

“முடிஞ்சுது.”

“எண்பத்து மூணு வீடும்?”

“எண்பத்தொண்ணு. கடைசி ரெண்டும் தானா உக்காந்துக்கிச்சு. மிஞ்சின பேரு ரெண்டு, குழி ரெண்டு. குழந்தை சகாயம், எஸ்தாக்கி. ஒரு குழியில வயசு நாலு நாள். இன்னொண்ணுல எழுபத்தொண்ணு. கேக்கவே வேண்டாம்.”

“எஸ்தாக்கிக்கு வீடு?”

“கிடையாது. முதியோர் இல்லத்துல இருந்து நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அஞ்சாவது ஆளா நான் நின்னேன்.”

“சகாயத்துக்கு?”

மரியநாயகம் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

சகாயத்தின் தாய் பிலோமினாள். பிரசவத்தில் ஜன்னி கண்டு நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய கணவரும் கணவரின் அண்ணனும் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். போய்ப் பார்த்தால் மறுபடி ஜன்னி வரும் என்று வீட்டில் யாரும் இடத்தைச் சொல்லவில்லை. கணவர் கண்ணை மூடிய பிறகு, போன ஜனவரியில், அவர் முதன்முதலாகத் தோட்டத்துக்கு வந்து கேட்டார். மரியநாயகம் பெயருக்கு நேரே இருந்த எண்ணை மட்டும் பார்த்து, முந்நூற்று எழுபத்தேழு என்று சொல்லி, கூடவே போய்க் காட்டினார். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் பிலோமினாள் ஒரு முழம் பூவும் ஒரு பால் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கிறார். குனிந்து ஏதோ பேசுகிறார். மரியநாயகம் தள்ளி நின்றுகொள்வார்.

“சகாயம் இருக்கிறது தொண்ணூத்திரெண்டு” என்றார் மரியநாயகம். “முந்நூத்தி எழுபத்தேழு எஸ்தாக்கி. பத்து மாசமா அந்த அம்மா எழுபத்தோரு வயசு ஆளுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருக்கு டீச்சர்.”

ஜெசிந்தா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் ஒண்ணு யோசிச்சேன். நம்பர் கல்லு ஒரு முழம்தான். ரெண்டையும் பிடுங்கி மாத்தி நட்டுட்டா ஃபைலும் சரியாயிரும். அந்த அம்மாவும் வழக்கமான இடத்துக்கே வரும். நம்பர் எப்ப மாறிச்சுன்னு கேட்டா, பெயின்ட் அடிச்சோம்னு சொல்லிக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?”

ஜெசிந்தா புதிய தாள் ஒன்றைத் திறந்தார். தன்னிடம் படிக்கும் பத்துப் பேரின் பெயர்களை மேலிருந்து கீழாக வேகமாகத் தட்டினார். பிறகு கண்ட்ரோலோடு ஒன்பதை அழுத்தினார். ஒரு வரி மறைந்தது.

“பாருங்க அண்ணாச்சி. எதுவும் அழியல. கேட்டதும் திரும்ப வரும். அச்சுல எடுத்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நல்லா இருக்கா?”

மரியநாயகம் திரைக்கு அருகே குனிந்தார்.

“இடது பக்கம் நம்பர் ஆறுக்கு அப்புறம் எட்டு வருதே.”

“அதை யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்த்துட்டேனே.”

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஒரே தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.

“ஏழாவது ஆள் யாரு டீச்சர்?” என்று கேட்டார் மரியநாயகம்.

“நீங்கதான்.”

அவர் எழுந்தார். படியருகே போனவர் திரும்பி வந்தார்.

“அந்த அம்மாகிட்ட நான் என்னன்னு ஆரம்பிக்க?”

“மத்த எண்பத்தொரு வீட்டுல என்ன கேட்டீங்க?”

“என்னைக்குன்னு கேட்டேன்.”

“அதையே கேளுங்க.”

பிலோமினாள் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மரியநாயகம் சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“எண்பத்தொன்பது, ஜூலை ஆறு. வியாழக்கிழமை” என்றார் பிலோமினாள். “ஏன் கேக்கீய?”

அவர் சொன்னார். முதலில் எண்ணைச் சொன்னார். பிறகு பொத்தானைப் பற்றிச் சொன்னார். கணினி தன்னிடம் ஒரு கேள்வி கேட்டதையும் அதற்குத் தான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னார்.

முறம் பிலோமினாள் மடியில் இருந்தது. கை மட்டும் நின்றுவிட்டது.

“அங்க என் பிள்ளை இல்லையா?”

“இல்லம்மா. தொண்ணூத்திரெண்டுல இருக்கு. வேப்பமரத்துக்குப் பக்கம். நல்ல நிழல்.”

“எத்தனை திங்கக்கிழமை அந்த மரத்தைத் தாண்டிப் போயிருக்கேன்.”

கோழி ஒன்று வந்து முறத்தின் விளிம்பில் கொத்தியது. பிலோமினாள் அதை விரட்டவில்லை.

“உமக்கு இருபது வருசத்துக்கு மேல சர்வீஸ் இருக்கும்லா?”

“இருபத்திரெண்டு.”

“அப்படியும்.”

“அப்படியும்தாம்மா.”

பிலோமினாள் முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

“அப்போ அங்க இருக்கிறது யாரு?”

“எஸ்தாக்கின்னு ஒரு பெரியவர். எழுபத்தொரு வயசு. முதியோர் இல்லத்துல இருந்து கொண்டு வந்தாங்க.”

“அவரைப் பார்க்க யாரும் வரமாட்டாங்களா?”

“நீங்கதாம்மா வந்துக்கிட்டு இருந்தீங்க.”

பிலோமினாள் முறத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவும் இல்லை, அவரை வரச் சொல்லவும் இல்லை. மரியநாயகம் சற்று நேரம் நின்றிருந்துவிட்டு, கதவு எண்ணை எழுதிக்கொண்டு திரும்பினார்.

அன்று மாலை மாடியில், கோப்பின் நகலை இரண்டு இடங்களில் வைப்பது எப்படி என்று பாடம் நடந்தது.

திங்கட்கிழமை பிலோமினாள் வந்தார். வேப்பமரத்தடியில் முதலில் நின்றார். அங்கே நெடுநேரம் இருந்தார். கையில் இரண்டு முழம் பூ இருந்தது, தனித்தனியாகக் கிள்ளி வாங்கியது. பால் பிஸ்கட் ஒன்றுதான்.

கோப்பில் ‘வீடு’ என்ற பத்தியில் தொண்ணூற்றிரண்டாம் குழிக்கும் முந்நூற்று எழுபத்தேழாம் குழிக்கும் இப்போது ஒரே கதவு எண் இருக்கிறது.