ஆவுடையப்பனுக்கு எழுதிய நீர்வண்ணப் படம்

ஆவுடையப்பனுக்கு வழுக்கை விழுந்துவிட்டது, பெண்தான் அமையவில்லை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியாகச் செண்பகவல்லி வீட்டில், "மாப்பிள்ளை படம் ஒண்ணு அனுப்புங்க, பிடிச்சா முடிச்சிரலாம்" என்றார்கள். அவனோ போட்டோ பிடித்தால் ரத்தம் வற்றிவிடும் என்று நடுங்குகிறவன். அதனால் அவன் கூட்டாளிகள் சடையாண்டியும் குப்பமுத்துவும் டவுனுக்குப் போய், ஒரு ஓவியரிடம் நீர்வண்ணம் படித்துவிட்டு வந்தார்கள்.

"முதல்ல நல்லா நனைக்கணும். ஈரம் காயறதுக்குள்ள கலரை ஏத்தணும். வெள்ளை வேணுங்கிற இடத்தைத் தொடாம விட்டுரணும். முடிச்சதும் கண்ணாடி போட்டு, சட்டம் அடிச்சுக் குடுங்க" என்று சொல்லிக்கொடுத்தார் அந்த மனுஷன். பாவம், இவர்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"எதை நனைக்கணும்னு அவரு சொல்லலியேலே?" என்றான் குப்பமுத்து.

"காயிதத்தை நனைச்சா கிழிஞ்சுரும். எந்தக் கூறுகெட்டவனாவது நனைப்பானா? படம் யாருக்கு? ஆவுடையப்பனுக்கு. அப்ப அவனைத்தான் நனைக்கணும்."

குடம் குடமாய் ஊற்றினார்கள். ஆவுடையப்பனுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. கல்யாண ஆசை யாரை விட்டது? பொறுத்துக்கொண்டான். ஈரம் காய்வதற்குள் கன்னத்துக்குச் சிவப்பு, மீசைக்குக் கறுப்பு, வழுக்கைக்குக் கொஞ்சம் நீலம்.

"பல்லு வெள்ளையா வேணும், தொடாதே" என்றான் சடையாண்டி.

"அவன் வெத்தலை போடுறவன்டே, பல்லுல வெள்ளை ஏது?"

வெகுநேரம் வாதாடி, கண்ணின் வெள்ளையை மட்டும் தொடாமல் விட்டார்கள்.

பிறகு, சொன்னபடியே, மூக்குக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினார்கள். நாலு சட்டத்தைத் தலையைச் சுற்றி வைத்து ஆணி அடித்தார்கள். "படம்னா மூச்சுக் காட்டக் கூடாது" என்று எச்சரித்து, வண்டியில் படுக்கப்போட்டுக் கொண்டுபோய், பெண் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

அந்த வீட்டிலும் புத்திக்குப் பஞ்சம்தான். செண்பகவல்லி கிட்டே வந்து பார்த்தாள். "ஆத்தாடி, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே! எனக்குப் பிடிச்சிருக்கு. ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க."

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டாளிகள் மாப்பிள்ளையை அழைத்துவர ஊருக்கு ஓடினார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. கிணற்றடி, சாவடி, தோப்பு எங்கேயும் ஆளைக் காணோம். திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான்!"

ஆவுடையப்பனுக்கு வந்ததே கோபம்! படம் வாயைத் திறந்தது. "தங்கமான பொண்ணை விட்டுட்டு ஓடுனானா? எவம்லே அந்தப் பொறுப்பில்லாத பய? அவன் வராட்டிப் போறான், நானே கட்டிக்கிடுதேன்!"

"துரோகம் பண்ணாதலே" என்றான் சடையாண்டி, கண் கலங்க. "நாளைக்கு ஆவுடையப்பன் வந்து நின்னா, அவன் மூஞ்சியில எப்படி முழிப்பே?"

ஆவுடையப்பன் யோசித்தான். பெண்ணை ஒரு தரம் ஏக்கத்தோடு பார்த்தான். நியாயம் நியாயம்தானே?

"சரி, வாங்கலே. மூணு பேருமாச் சேர்ந்தே அவனைத் தேடுவோம்" என்று, சட்டத்தோடு வாசலில் இறங்கி முன்னால் நடந்தான்.