மணலூருக்குப் போன இரண்டு சொல்

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டை வச்சிரகேது என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. அதைச் சகித்துக்கொள்வதுதான் அரண்மனை உத்தியோகம்.

ஒருநாள் காலை, எல்லையிலிருந்த மணலூர்க்காரர்கள் அவர் பல்லக்கை மறித்து, "குடிக்கத் தண்ணீர் இல்லை, ஏரி வெட்டிக் கொடுங்கள்" என்று கூச்சலிட்டார்கள்.

"திமிர் பிடித்த ஊர்!" என்று ராஜா கொதித்ததை எல்லைப் படைத்தலைவன் மழவன் பக்கத்தில் நின்று கேட்டான்.

அரண்மனை திரும்பியதும் மனசு மாறிவிட்டது. "பாவம், ஏரி வெட்டச் சொல்லி மழவனுக்கு எழுதும்" என்று அரண்மனை ஓலைகளுக்குப் பொறுப்பான ஓலைநாயகம் பிறைசூடியாரிடம் சொன்னார்.

பிறைசூடியாருக்கு மந்திரி சேந்தனைக் கண்டால் ஆகாது. மலைக்கு மலை செய்தி கடத்தும் மந்திரியின் முரசுகளைக் கண்டால் அதைவிட ஆகாது.

மாலையில் சபையில் பிறைசூடியார் பெருமையடித்தார்: "தோலைத் தட்டிச் சேதி சொல்வது காட்டு வழக்கம், அரசே! ஓலையை இரண்டே சொல்லில் முடித்து அப்போதே குதிரையில் அனுப்பிவிட்டேன்."

"சபாஷ்! வருகிற பௌர்ணமியோடு முரசுகளை இறக்கிவிடலாம்" என்றார் ராஜா.

"என்ன இரண்டு சொல்?" என்றார் சேந்தன்.

"மணலூர் ஏரி."

சேந்தன் துள்ளி எழுந்தார். அதையே இன்னோர் ஓலையில் எழுத வைத்து, காலையில் பல்லக்கோடு போயிருந்த காவலனிடம் நீட்டினார். அந்தக் காலத்து ஓலையில் குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே எழுத்து.

காவலன் உரக்கப் படித்தான்: "மணலூர் எரி!"



"மழவன் சொன்னதைச் செய்கிறவனாயிற்றே! குதிரையைப் பிடிக்க முடியுமா?" என்றார் ராஜா.

"முடியாது. இந்நேரம் மணலூரை நெருங்கியிருக்கும். ஆனால் முரசுக்குக் குறிலும் நெடிலும் தெரியும், அரசே" என்றார் சேந்தன்.

கோட்டை முரசு முழங்கியது. டம் டம் டூ...ம். டூ...ம் டம். அடுத்த மலை வாங்கியது. அதற்கடுத்த மலையும் வாங்கியது.

மணலூரில் பந்தம் கொளுத்தியாகிவிட்டது. பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு பெண்கள் வெட்டவெளியில் நின்றார்கள். கையில் ஓலையோடு நின்ற மழவன் மலை முரசுக்குக் காது கொடுத்தான். வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எரி... ஏஏரி. பந்தத்தைப் பிடுங்கி மணலில் குத்தினான்.

"மண்வெட்டி கொண்டு வாருங்கள்" என்றான்.

மணலூரிலிருந்து பதிலாக அதே தாளம் மலைவழியாகத் திரும்பி வந்தது. ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில் நான் கத்தியதைக் கேட்டதால்தானே 'எரி' என்று படிக்க வந்தது? முரசுகள் இருக்கட்டும், சேந்தா." பிறகு மெல்லத் திரும்பினார். "பிறைசூடியாரே, உமக்குத் தண்டனை உண்டு. எழுதித் தரட்டுமா, வாயால் சொல்லட்டுமா?"

பிறைசூடியார் தடாலென்று காலில் விழுந்தார். "சொல்லிவிடுங்கள் அரசே, எழுதிவிடாதீர்கள்!"

"மணலூர் போய் ஏரி வெட்டும். நெடில் ஏ. நன்றாகக் கேட்டுக்கொள்ளும்."