டெரன்ஸ் வீட்டில் மூன்று சூரியன்

சந்தியாகு தூத்துக்குடிக்காரர். முப்பத்தெட்டு வருஷம் மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுத்தவர். மகள் ரோஸ்லினுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக ரயிலேறிப் பெரம்பூருக்கு வந்திருந்தார்.

வந்தவரை மாப்பிள்ளை டெரன்ஸ் உட்காரக்கூட விடவில்லை. நேரே ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளே நாலு மீன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பவளம். மேலே நீலமாக ஒரு விளக்கு.

"ரோஸ்லின் இப்ப வர முடியாது மாமா. அவ இல்லேன்னா இதை யார் பார்த்துக்குவா?"

சந்தியாகு மகளைப் பார்த்தார். தொட்டிக்கு மாற்ற உப்புக் கரைத்த தண்ணீர் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தவள், அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஆனால் சந்தியாகுவுக்கு மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"அப்படி என்ன மாப்ள இந்த விளக்குல?" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"விளக்கா? சூரியன் மாமா! காலையில சிவப்பா உதிக்கும். மத்தியானம் உச்சிக்கு வரும். சாயங்காலம் மஞ்சளா இறங்கும். பவளம் இன்னும் கடல்லதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருக்கு. மாட்டின முதல் வாரமே வெயில் தாங்காம அந்த மஞ்ச மீன் கறுத்துப்போச்சு, பாருங்க."

பேப்பர் வாங்க வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்ட கீழ்வீட்டு ஞானசேகர், ரிட்டயர்டு ரயில்வே கார்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "வாங்கிட்டு வரும்போதே அது கறுப்புதானேப்பா?"

"அது வேற மீன் சார். அது வெளுத்துப்போச்சு." டெரன்ஸ் அவர் பக்கம் திரும்பவேயில்லை. "எதிர்வீட்டுத் தென்னை இருக்கே மாமா, நிஜச் சூரியனை விட்டுட்டு நம்ம ஜன்னல் பக்கம் சாய்ஞ்சிடுச்சு. ஒருநாள் ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன். பின்னாடி லைன்ல போன கூட்ஸ் வண்டி டிரைவர், விடிஞ்சிருச்சுன்னு ஹெட்லைட்டை அணைச்சுட்டாரு!"

"அந்த லைன்ல வண்டி நின்னு நாலு வருஷமாச்சு" என்றார் ஞானசேகர்.

"அதுக்கு முன்னாடி நடந்தது சார்."

"விளக்கு புதுசுன்னியே?"

டெரன்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சொன்னா நம்ப மாட்டீங்க மாமா. தொட்டித் தண்ணி சூடேறி ஆவியாகி, இந்த ஹாலுக்குள்ளேயே மேகம் கட்டி மழை பெஞ்சுது. குடை பிடிச்சுக்கிட்டு டிவி பார்த்தோம். பவளம் வளர்ற வேகத்துல போன மாசம் ஃபேன்ல முட்டிருச்சு. தினம் காலையில ரம்பம் வெச்சு அறுத்தாத்தான் ஆபீஸ் போக முடியுது."

சந்தியாகு குனிந்து பார்த்தார். அந்தப் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வெந்து செத்த பவளத்தைக் கடலடியில் அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

"இத்துனூண்டுதான இருக்கு மாப்ள?"

"இப்பத்தான் அறுத்தேன் மாமா."

"வெள்ளையா இருக்கே?"

"அறுத்த இடம் வெள்ளையாத்தான் இருக்கும்."

ரோஸ்லின் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டெரன்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரகசியத்தையே சொல்லிடறேன். டைமரை மாத்தி வெச்சிருக்கேன். இந்த வீட்டுல ஒரு நாளைக்கு மூணு தடவை சூரியன் உதிக்குது, மூணு தடவை மறையுது. ஊருக்கு ஒரு நாள்னா நமக்கு மூணு நாள். இங்க எது இருந்தாலும் மூணு மடங்கு வளரும்!"

சந்தியாகு நிமிர்ந்தார்.

"எது இருந்தாலுமா மாப்ள?"

"எது இருந்தாலும்!"

"விளக்கு மாட்டி எம்புட்டு நாளாச்சு?"

"அஞ்சு மாசம் மாமா."

சந்தியாகு விரல் விட்டார். "பிள்ளைக்கு இப்ப ஏழு மாசம். அதுல ரெண்டு மாசம் ஊர்ச் சூரியன். மிச்சம் அஞ்சும் உங்க சூரியன். அஞ்சு மூணு பதினஞ்சு. ரெண்டும் பதினஞ்சும் பதினேழு." நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "பதினேழு மாசமாச்சா! இன்னும் ஒரு வாரம் இங்க வச்சிருந்தா, பேரன் மீசையோட வந்து உங்ககிட்ட சவரக்கத்தி கேப்பான். ஏளா ரோஸ்லின், பையை எடு. சாயங்கால வண்டியிலயே கிளம்புதோம்."

ரோஸ்லின் வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

டெரன்ஸ் முகம் வெளிறிப்போனது. "மாமா... அது... சும்மா ஒரு பேச்சுக்கு..."

"எது மாப்ள பேச்சுக்கு? மூணு சூரியனா?"

ஞானசேகர் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டெரன்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு ஆமாம் என்றால், அளந்ததெல்லாம் புளுகு என்று சாயங்காலத்துக்குள் தெரு பூராவும் தெரிந்துவிடும்.

டெரன்ஸ் அவரை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இல்ல மாமா. சூரியன் மூணுதான்."

"அப்ப சரி" என்று சந்தியாகு செருப்பை மாட்டினார்.